பெட்டைக் கோழியும் சினைப்பைப் புற்றும்

கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில், தென்காசியில் எங்கள் ஆச்சி வீட்டுக் கொல்லையில் ஒரு கோழி இறந்தது. கோழி இறத்தலும் ஒரு செய்தியோ என்று நேயர் நகைத்தல் கூடும். இக்கட்டுரைக்கு வித்து அக்கோழியே ஆதலின், அதன் வரலாற்றைச் சிறிது கூறிப் பின்னர்ப் பொருளுக்கு வருவேன்.

அது நாட்டுக்கோழியன்று. அதற்கு இரண்டரை ஆண்டுகட்கு முன், கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று வண்டியில் வைத்து விற்பவனிடம் வாங்கிய வெள்ளை நிறமுடைய முட்டைக்கோழி. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஓராண்டுக்கு மேல் முட்டையிட்டு, இனி இலாபமில்லையென்று கழிக்கப்பட்ட கூட்டத்தில் வந்தது. விருந்துக்கு முதல்நாட் காலையில், கூடைக்குள் இருந்தபடியே அது ஒரு முட்டை இட்டுவிட்டது. முட்டையிட்ட கோழியை அறுக்க ஆச்சிக்கு மனம் வரவில்லை. விருந்து வேறு கோழியால் நடந்தது. வெள்ளைக்கோழி வீட்டோடு தங்கிவிட்டது. தங்கியதற்குக் கைம்மாறு செய்வதுபோல, ஏறத்தாழ நாள்தோறும் இரண்டு ஆண்டுகள் முட்டையிட்டது.

யான் ஊருக்குச் சென்றபொழுது குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசித் தெருக்களிலும் ஈரக்காற்று வீசிற்று. கோழியோ வயிறு பருத்து, நடக்கமாட்டாமல், வாத்துப்போல் நிமிர்ந்து நின்றது. ஆச்சி அதனைக் கையில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்து, "ஏளா, இதுக்கும் மகோதரந்தான். உங்க பெரியம்மைக்கு வந்த மாதிரியே இருக்கு பாரு" என்றார்கள்.

பெரியம்மை ஆச்சியின் மூத்த மகள். முந்திய ஆண்டில் சினைப்பைப் புற்றால் இறந்தார். தொடக்கத்தில் வயிறு உப்புசமாக இருக்கிறது என்றார். வாயுக் கோளாறு என்றார்கள். சிறிது உண்டவுடனே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். மருத்துவர் ஒருவர் செரிமானத்திற்கு மாத்திரை கொடுத்தார். அடிக்கடி சிறுநீர் கழிக்கவேண்டியிருந்தது. வயதாகிறது என்று வீட்டார் கூறினர். இவ்வாறு ஏழு மாதம் கழிந்தது. வயிற்றில் நீர் கோத்த பிறகே ஸ்கேன் எடுக்கப்பட்டது. அப்பொழுது நோய் குடல்மேலும் ஈரல்மேலும் படர்ந்திருந்தது. ஆதலின் ஆச்சி கோழியைக் கையில் வைத்துக்கொண்டு கூறிய சொல், எங்கள் வீட்டில் விளையாட்டாகக் கூறப்படும் சொல்லன்று.

மறுநாட் கோழி இறந்தது. எங்கள் தெருவிற் குடியிருக்கும் கால்நடை மருத்துவர் ஒருவர், யான் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, கொல்லையிலேயே அதனை அறுத்துக் காட்டினார். வயிற்றினின்று மஞ்சள் நிற நீர் ஒரு செம்பளவு வெளிப்பட்டது. முட்டைக்கருக்கள் திராட்சைக் குலைபோலத் தொங்கவேண்டிய இடத்தில், வெண்மையும் கடினமுமான கட்டிகள் பூக்கோசுபோலத் திரண்டிருந்தன. குடலின் மேலும் மணி மணியாக அவை தெளித்தாற்போற் காணப்பட்டன. "நுண்ணோக்கியிற் பாராமல் உறுதி கூற இயலாது, ஆயினும் சினைப்பைப் புற்று என்றே எண்ணுகிறேன். வயது முதிர்ந்த முட்டைக்கோழிக்கு இஃது அரிதன்று. அமெரிக்காவில் பெண்களுக்கு வரும் இந்நோயை ஆராய்வதற்கு இக்கோழிகளைத்தான் வளர்க்கிறார்கள், அம்மா" என்றார் அவர். அன்று தொடங்கி யான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, தமிழ் பயிலும் ஒரு மாணவிக்கு இயன்ற அளவில், ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் நோயின் இயல்பை நோக்குவாம். சினைப்பை என்பது பெண்ணின் வயிற்றில் கருப்பையின் இருபுறத்தும் அமைந்த வாதுமைக்கொட்டை அளவுள்ள உறுப்பு. திங்கள்தோறும் அதனினின்று ஒரு சினைமுட்டை முதிர்ந்து வெளிப்படும். அவ்வுறுப்பில் எழும் புற்று, வயிற்றின் ஆழத்தில் இருத்தலால் கைக்கு அகப்படாது, கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் வலியும் தாராது. உலகில் ஆண்டுதோறும் 3,20,000-க்கு மேற்பட்ட பெண்டிர்க்கு இந்நோய் காணப்படுகிறது. 2,00,000-க்கு மேற்பட்டோர் இதனால் இறக்கின்றனர். இந்தியாவில் மட்டும் ஆண்டுதோறும் 45,000-க்கு மேற்பட்டோர்க்குப் புதிதாக வருகின்றது. சினைப்பையளவில் அடங்கியிருக்கும்பொழுதே கண்டுபிடிக்கப்பட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். வயிறு முழுதும் பரவியபின் கண்டால், அவ்வாறு வாழ்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பதின்மரே. பெரும்பாலோர்க்குப் பரவிய பின்னரே தெரிகிறது என்பதுதான் கொடுமை.

அங்ஙனமாயின், நோயில்லாத பெண்டிரையெல்லாம் ஆண்டுதோறும் சோதித்துப் பார்க்கலாகாதோ என்னும் வினா எழும். எனக்கும் எழுந்தது. பிரிட்டனில் அதனையும் செய்து பார்த்துவிட்டனர். 2001 முதல் 2005 வரை, 50 முதல் 74 வயது வரையுள்ள 2,02,638 பெண்டிரைச் சேர்த்து, ஒரு பகுதியார்க்கு ஆண்டுதோறும் இரத்தத்தில் சிஏ-125 என்னும் புரதத்தின் அளவையும், மற்றொரு பகுதியார்க்கு ஸ்கேனையும் பார்த்துவந்தனர். எஞ்சியோர்க்கு ஒரு சோதனையும் இல்லை. 2021ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. இரத்தச் சோதனையால் சிலர்க்கு நோய் முன்னரே தெரிந்தது உண்மை; ஆயினும் இறந்தோர் தொகை குறையவில்லை. இத்துணைப் பெரிய முயற்சி இவ்வாறு முடிந்ததைப் படித்தபொழுது, பெரியம்மையின் ஏழு மாதத்தைப்பற்றி யான் பிறர்மேற் கொண்டிருந்த சினம் சிறிது தணிந்தது என்று கூறவேண்டும். அம்மருத்துவர் அறியாதது ஒருபுறம் இருக்க, மருத்துவ உலகமே இன்னும் அறியாதது பெரிது.

நோய் எங்கே தொடங்குகிறது, எவ்வாறு தொடங்குகிறது, தொடங்கிய முதல் மாதத்தில் உடம்பில் யாது நிகழ்கிறது என்பவற்றை அறிந்தாலன்றி அதனை முன்னறிய வழியில்லை. பெண்களிடத்தில் அம்முதல் மாதத்தை எவரும் கண்டதில்லை; காண்பதெல்லாம் கடைசி மாதத்தையே. ஆதலின் அறிஞர் விலங்குகளை நாடினர். ஆராய்ச்சிக் கூடங்களில் எளிதில் வளர்வது சுண்டெலி. ஆனால் சுண்டெலிக்கு இந்நோய் இயற்கையாக வருதல் மிக அரிது. மரபணுவை மாற்றியோ, மனிதப் புற்றணுக்களை அதன் உடம்பில் ஊன்றியோதான் வரச்செய்யவேண்டும். ஊன்றிய நோய் ஊன்றிய இடத்திற் பிறந்தது அன்று. அதன் தொடக்கத்தைப்பற்றி அஃது ஒன்றும் சொல்லாது. நாமாக வருவிக்காமல், தானாக, அதுவும் அடிக்கடி, இந்நோய் வரும் வீட்டு உயிர் ஒன்றே, அது பெட்டைக்கோழி.

தொல்காப்பியர் மரபியலில் 'அளகு' என்னும் பெயரைக் கோழி, கூகை, மயில் என்பவற்றின் பெண்ணுக்கே உரியதாக வரையறுத்தார். பறவைப்பெண்ணுக்கெல்லாம் பேடை, பெடை என்னும் பொதுப்பெயர் இருக்க, இவற்றுக்கு மட்டும் தனிப்பெயர் ஏன் என்று வகுப்பில் ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். இன்று உயிர்நூலாரும் கோழியின் பெண்ணுக்கு ஒரு தனியிடம் கொடுத்துவிட்டனர் என்பதை இடையே குறிக்கின்றேன். இரண்டிற்கும் தொடர்பு ஒன்றுமில்லை.

கோழியின் உடலமைப்பு வியப்புடையது. கருவில் இரண்டு சினைப்பைகள் தோன்றினும், இடப்பக்கத்தது ஒன்றே வளர்ந்து தொழில் புரியும். அதில் மஞ்சட்கருக்கள் சிறிதும் பெரிதுமாக வரிசைமுறையில் முதிரும். முதிர்ந்தது பையைக் கிழித்துக்கொண்டு வெளிவர, முட்டைக்குழல் வாய்விரித்து அதனை ஏற்கும். குழலின் வழியே இறங்கும்பொழுது வெண்கரு சூழும். பின்னர் மென்றோல் போர்க்கும். இறுதியில் ஓடு படியும். இவ்வளவும் 24 முதல் 26 மணி நேரத்தில் முடியும். முட்டை வெளிப்பட்டு அரைமணி நேரம் ஆவதற்குள் பெரும்பாலும் அடுத்த கரு பையைக் கிழித்துக்கொண்டு புறப்பட்டுவிடும்.

கிழித்துக்கொண்டு என்று இருமுறை எழுதினேன். முழுப்பொருளும் அச்சொல்லில் இருக்கிறது. ஒவ்வொரு முட்டைக்கும் சினைப்பையின் மேற்படலம் ஒருமுறை கிழிகிறது. கிழிந்த இடம் அழன்று, ஆறி, புதிய அணுக்களால் மூடப்படுகிறது. அணுக்கள் பெருகும்போதெல்லாம் அவற்றின் மரபணுவைப் படியெடுப்பதிற் பிழை நேர்தல் கூடும். ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையால் பாடவேறுபாடு புகுவதை நாம் அறிவோம் அன்றோ? ஒருமுறை எழுதிய ஏட்டிற் பிழை குறைவு. ஐந்நூறு முறை பெயர்த்தெழுதிய ஏட்டிற் பிழை மிகுதி.

இக்கருத்தை 1971ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டவர் எகிப்து நாட்டு மருத்துவராகிய மஹ்மூத் ஃபதல்லா என்பார். ஓய்வின்றிச் சினைமுட்டை வெளிப்படுதலே சினைப்பைப் புற்றுக்கு ஒரு காரணமாகலாம் என்பது அவர் கருத்து. பெண்களிடம் காணப்படும் செய்திகள் பல இதற்கு ஒத்துவருகின்றன. கருவுற்றிருக்கும் காலத்தில் சினைமுட்டை வெளிப்படுவதில்லை; மகவுக்குப் பாலூட்டும் காலத்தில் குறைகிறது; கருத்தடை மாத்திரை உண்போர்க்கு நின்றுவிடுகிறது. இம்மூவகையினரிடத்தும் இப்புற்று குறைந்தே காணப்படுகிறது. மகப்பேறு அறியாத கன்னியாஸ்திரீகளுக்கு இந்நோய் மிகுதி என்பதை எடுத்துக்காட்டி, 2012ஆம் ஆண்டில் அதே லான்செட் இதழில் பிரிட், ஷார்ட் என்னும் இருவர், அவர்கட்கும் அம்மாத்திரை காப்பாக வழங்கப்படலாம் என்று எழுதினர். எங்கள் ஊர்ப் பள்ளியில் எனக்கு எழுத்தறிவித்தவர் ஒரு கன்னியாஸ்திரீ. இதனைப் படித்தபொழுது அவர் முகமே என் கண்முன் நின்றது.

இனிக் கணக்குப் பார்ப்போம். ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் வெளிப்படும் சினைமுட்டைகள் ஏறத்தாழ 400 முதல் 500 வரை. வெள்ளை லெகார்ன் வழிவந்த முட்டைக்கோழி ஓராண்டில் 300 முட்டை வரை இடுகிறது. ஐந்தாம் மாதத்தில் இடத்தொடங்கும் அக்கோழி, இரண்டு வயது நிறையுமுன்னே ஒரு பெண் நாற்பதாண்டிற் கடக்கும் தொலைவைக் கடந்துவிடுகிறது. அதன்பின்னர்த்தான் புற்று தலைகாட்டத் தொடங்குகிறது. கோழியின் வகைக்கும் வயதுக்கும் ஏற்ப, நூற்றுக்குப் பத்து முதல் முப்பத்தைந்து வரை இந்நோய்க்கு ஆளாகின்றன என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

இதற்கு மாறானதைக் காண வேண்டின் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. குற்றாலத்து மலைக்காட்டில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி உண்டு. வைகறையில் அதன் குரலைச் செண்பகாதேவி அருவிக்குப் போகும் வழியில் கேட்டிருக்கிறேன். அஃது ஓர் ஈட்டுக்கு நான்கு முதல் ஏழு முட்டை இட்டு, அடைகாத்து, குஞ்சுகளோடு திரியும். அடைகாக்கும் காலமெல்லாம் சினைப்பைக்கு ஓய்வு. நம் வீட்டுக்கோழியின் பெருமுன்னோராகிய சிவப்புக் காட்டுக்கோழியும் இத்தன்மையதே. நாட்டுக்கோழியும் சிறிது இட்டவுடன் 'அடைக்கு உட்கார்ந்துவிடும்'. அதனைத் தண்ணீரில் முக்கி எழுப்பிவிடுதலை ஊர்ப்புறத்தில் எவரும் கண்டிருப்பர். பண்ணைக்கோழியோ, அடைகாக்கும் வேட்கையே அறுந்துபோகுமாறு பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டது. அதற்கு ஓய்வு என்பது மனிதரால் எடுக்கப்பட்டுவிட்டது. நோய் அதற்கு இயற்கையாக வருகிறது என்று மேலே எழுதினேன்; அவ்வியற்கையில் நம் கையும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று.

கோழியின் புற்று ஆராய்ச்சியாளர்க்குப் புதியதன்று. 1911ஆம் ஆண்டிலேயே பெய்ட்டன் ரௌஸ் என்பார் நியூயார்க்கில் ஒரு கோழியின் தசைக்கட்டியைக்கொண்டு, வைரஸ் என்னும் நச்சுயிரால் புற்று உண்டாதலைக் காட்டினார்; அதற்குரிய நோபெல் பரிசு அவர்க்கு 1966-இல்தான் கிடைத்தது. சினைப்பைப் புற்றைப் பொறுத்தவரை, 1958-இல் வில்ஸன் என்பார், மாறாத சூழலில் அடைத்து வளர்த்த கோழிகளின் இனப்பெருக்க உறுப்புகளில் புற்று மிகுதியாகக் காணப்படுவதை எழுதினார். 1987-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக்ஸன், நூற்றுக்கணக்கான லெகார்ன் கோழிகளைக் கழிக்காமல் முதுமை எய்தும்வரை வைத்திருந்து, அவற்றின் சினைப்பைக் கட்டிகளை வகைப்படுத்தினார். கோழியைப் பெண்ணுக்கு ஒப்பாக வைத்து ஆராயும் வழி அதன்பின் விரிந்தது.

முதுமை எய்தும்வரை என்பதை நேயர் கருதவேண்டும். நம் நாமக்கல்லில் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகள் உள்ளன. 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கே உண்டு. ஆயினும் இந்நோய் அங்கே பேச்சுக்கு வருவதில்லை. காரணம் எளிது. ஏறத்தாழ 72 முதல் 80 வாரத்தில், சிலவிடத்துச் சற்றுப் பின்னர், கோழிகள் இறைச்சிக்கு விற்கப்படுகின்றன. நோய் தலைகாட்டும் வயதுக்கு முன்னரே கத்தி வந்துவிடுகிறது. ஒரு கூடை முட்டைக்காக ஓராண்டு கூடுதலாகத் தீனியிடப் பண்ணையார்க்கு நோக்கமில்லை. அதிற் குற்றமும் இல்லை. எங்கள் ஆச்சியைப்போல் மனமிரங்கி வைத்துக்கொள்வோர் வீட்டிலேதான் கோழி நான்கு வயதைக் காண்கிறது. அங்கே அறுத்துப் பார்ப்பவர் இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் செய்யப்பட்ட சோதனைகளுள் சில மிக அழகியவை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா ஜான்ஸன், ஜேம்ஸ் கைல்ஸ் முதலியோர் ஒரு விந்தையான கோழி வகையைக் கையாண்டனர். அக்கோழிக்கு மரபணுக் குறை ஒன்று உண்டு. இரத்தத்திலிருந்து கொழுப்பை மஞ்சட்கருவுக்குள் வாங்கும் வாயில் அதற்கு அடைபட்டிருக்கும். ஆதலின் கரு முதிராது, பையும் கிழியாது, முட்டை ஏறத்தாழ இல்லை. ஒரே பெற்றோரின் வழிவந்த, குறையில்லாத உடன்பிறப்புக்களை அதனோடு ஒரே தீனியில் வளர்த்துப் பார்த்தனர். முட்டையிடும் சகோதரிகளைக் காட்டிலும் முட்டையிடாத கோழிகட்குச் சினைப்பைப் புற்று குறைந்தே காணப்பட்டது. 2010-இல் இது வெளிவந்தது. பெண்களிடத்து இத்தகைய சோதனையை எவரும் செய்ய இயலாது; ஃபதல்லா ஊகித்ததைக் கோழி சான்றுகாட்டி உரைத்தது.

2011-இல் வேறு சிலர் கோழிகட்குத் தீனியைக் குறைத்துப் பார்த்தனர். முட்டையும் குறைந்தது, புற்றும் குறைந்தது. 2012-இல் ஜான்ஸனும் அவர் துணைவரும் கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோன்களைக் கோழிகட்குக் கொடுத்தனர், புற்று குறைந்தது. மாத்திரை பெண்களைக் காக்கிறது என்பது முன்னரே தெரிந்த செய்திதான். பெண்ணிடத்துக் கண்டது கோழியினிடத்தும் ஒத்துவந்தமையால், கோழியினிடத்துக் காண்பதைப் பெண்ணிடத்தும் தேடலாம் என்னும் துணிவு பிறந்தது. ஓர் அளவுகோலை நம்புமுன், அளவு தெரிந்த பொருளை அதனால் அளந்து பார்ப்பது போன்றது இது.

அதன்பின் அளவு தெரியாதவற்றை அளக்கப் புகுந்தனர். 2009-இல் தீனியில் ஆஸ்பிரின் கலந்து கொடுத்தபொழுது, நோயுற்ற கோழிகளின் தொகை குறையாவிடினும், நோய் முற்றிப் பரவுதல் குறைந்தது. தென் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹேல்ஸ் என்பாரும் மாணவரும் தீனியில் பத்தில் ஒரு பங்கு ஆளிவிதை கலந்து கொடுத்தனர். ஓராண்டு கொடுத்ததன் முடிவு 2010-இல் வெளிவந்தது: நோய் வந்த கோழிகள் நெடுநாள் வாழ்ந்தன, நோயின் கடுமையும் குறைந்தது. நான்கு ஆண்டு கொடுத்ததன் முடிவு 2013-இல்: நோய் வருவதே குறைந்தது. ஆளிவிதையிலுள்ள ஒமேகா-3 என்னும் கொழுப்பு, அழற்சியை வளர்க்கும் பொருள்கள் உடலிற் சுரப்பதைக் குறைக்கிறது என்பது அவர்கள் கூறும் காரணம். ஆஸ்பிரினும் அவ்வழியே தொழில் செய்வது. எனவே கிழிதல் மட்டுமன்றி, கிழிந்த இடத்தின் அழற்சியும் நோய்க்குத் துணைபோகிறது என்று தோன்றுகிறது.

இவ்வாராய்ச்சிகளைப் படித்துவருகையில் எதிர்பாராத இடத்தில் ஒரு பழகிய பெயரைக் கண்டேன். சிகாகோ நகரின் ரஷ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முதிர்ந்த கோழிகட்கு 90 நாள் தீனியோடு ஒரு பொடியைக் கலந்து கொடுத்தனர். அப்பொடி அமுக்கராக் கிழங்கு! குற்றாலத்தில் அருவிக்குப் போகும் சாலையின் இருமருங்கும் மூலிகைக் கடைகளில் சாக்கில் வைத்து விற்கும் அதே கிழங்குதான். அது மலைமூலிகையன்று, வறண்ட நிலத்துச் செடி என்பது கடைக்காரர் பலர் சொல்லாத செய்தி. சித்த மருத்துவர் அமுக்கராச் சூரணத்தை உடல்தேறுதற்குப் பெரிதும் வழங்குவர். அப்பொடியை உண்ட கோழிகளின் சினைப்பையில், புற்றணுக்களைத் தேடிக் கொல்லும் ஒருவகை வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன என்பது அவ்வாய்வின் முடிவு.

இவ்விடத்து யான் சற்று அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. பெரியம்மை நோயுற்றிருந்தபொழுது, புற்றைத் தீர்க்கும் பொடி என்று கூறி ஒருவர் எங்களிடம் பெரும்பொருள் பெற்றுச் சென்றார். மேற்கூறிய ஆய்வை அவர் கண்டிருப்பின், 'அமெரிக்காவில் மெய்ப்பித்தது' என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பார். அவ்வாய்வு மெய்ப்பித்தது அதுவன்று. கோழியின் உடம்பில் ஒருவகை வெள்ளணு மிகுந்தது, அவ்வளவே. நோயுற்ற பெண்ணைக் குணப்படுத்திற்று என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆளிவிதைக்கும் ஆஸ்பிரினுக்கும் இதுவே பொருந்தும். கோழி ஒரு வழியைக் காட்டுகிறது. அவ்வழி பெண்ணுக்கும் உரியதோ என்பதைப் பெண்களிடத்துச் செய்யும் நெடிய ஆய்வே சொல்லவேண்டும்.

கோழிக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடுகளையும் மறைத்தலாகாது. பறவையினமும் பாலூட்டியினமும் பிரிந்து 30 கோடி ஆண்டுகட்கு மேலாயின. கோழிக்குச் சினைப்பை ஒன்று, மாதவிடாய் இல்லை, கருப்பையிற் குஞ்சு வளர்வதில்லை. எனினும் ஒப்புமைகள் வலியன. கோழியின் கட்டியை நுண்ணோக்கியிற் பார்த்தால் பெண்ணின் கட்டியைப் போன்றே தோன்றுகிறது. வயிற்றறை எங்கும் பரவி மகோதரத்தை உண்டாக்குகிறது. பி-53 என்னும் காவல் மரபணு இரண்டிலும் பழுதுபடுகிறது. சிஏ-125 புரதமும் கோழியின் கட்டியிற் காணப்படுகிறது.

இவற்றுள் என்னைப் பெரிதும் வியக்கவைத்தது ஒன்று. கோழியின் சினைப்பைக் கட்டியில் வெண்கருவின் புரதம் இருக்கிறது. வெண்கரு சினைப்பையிற் பிறப்பதன்று. முட்டைக்குழலிற் பிறப்பது என்று மேலே கண்டோம். சினைப்பையில் அதற்கு என்ன வேலை? கட்டியின் முதலணு குழலிலிருந்து வந்ததாதல் வேண்டும். அன்றேல் சினைப்பையணு குழலணுவின் தன்மையை மேற்கொண்டதாதல் வேண்டும். இதே வழக்கு பெண்களிடத்தும் உள்ளது. சினைப்பைப் புற்று என்று பெயர் பெற்றவற்றுள் கொடியதும் மிகுதியாக வருவதுமான வகை, பெரும்பாலும் சினைக்குழலின் விரல்போன்ற நுனியிலே தோன்றிச் சினைப்பைக்கு இறங்குகிறது என்று மருத்துவர் இப்பொழுது கருதுகின்றனர். ஃபதல்லாவின் கருத்து இதனால் பொய்யாகவில்லை. பை கிழியும்போது வெளிப்படும் நீர் குழலின் நுனியையும் நனைக்கிறது. ஆயினும் கிழிந்து ஆறும் இடத்திலேயே நோய் பிறக்கிறது என்ற எளிய விடை இனிப் போதாது.

முன்னறிதலுக்கும் கோழி உதவிவருகிறது. ரஷ் பல்கலைக்கழகத்தார் இல்லினாய் பல்கலைக்கழகத்தாரோடு கூடி, கோழிகளின் சினைப்பையை ஒலியலை ஸ்கேனால் பார்த்தும், கட்டிக்கு எதிராக இரத்தத்தில் எழும் எதிர்ப்பொருள்களைத் தேடியும் வருகின்றனர். பெண்ணிடத்தில் இருபதாண்டு காத்திருந்து காணவேண்டியதைக் கோழியினிடத்து இரண்டு மூன்று ஆண்டிற் காணலாம். ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு திங்கள்தோறும் இரத்தம் எடுத்துச் சேமித்தால், நோய் வந்த கோழியின் பழைய இரத்தத்தைத் திரும்ப எடுத்து, நோய்க்கு முந்திய மாதங்களில் அதில் யாது மாறிற்று என்று பின்னோக்கிப் படிக்கலாம்.

இவ்வாராய்ச்சி ஏன் சிகாகோவிலும் கார்னெலிலும் மட்டும் நடக்கவேண்டும் என்பது என் ஆசை கலந்த வினா. 2012-இல் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், அதற்கு அண்மையில் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மூன்றும் ஒரு பேருந்துப் பயணத்துள் அடங்கும். கழிவுக்கோழிக்கு நம் நாட்டிற் பஞ்சமில்லை, அமுக்கராவுக்கும் பஞ்சமில்லை. கழிக்கும் கோழிகளுள் சில நூறை மேலும் இரண்டாண்டு வைத்துப் பார்ப்பதற்கு வேண்டுவது தீனிச் செலவும் பொறுமையும். நம் கல்லூரி விலங்கியல் மாணவர் எவரேனும் பட்டப்படிப்புக்குப்பின் இத்துறையை நாடுவராயின், இப்பக்கங்களை எழுதிய களைப்பு எனக்குத் தோன்றாது.

எங்கள் வீட்டுச் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. இந்நோய் சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். 1994-இல் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ-1 என்னும் மரபணு பழுதுற்றிருக்கும் பெண்டிருள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதின்மர்க்கு வாழ்நாளில் இது வருகிறது. பெரியம்மையின் நோயைக் கேட்ட மருத்துவர், என் அன்னையை அச்சோதனை செய்துகொள்ளுமாறு கூறினார். அன்னை ஓராண்டு தட்டிக்கழித்து வந்தார். கோழியை அறுத்த அன்று கொல்லைப்படியில் நின்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்; ஒன்றும் பேசவில்லை. அடுத்த திங்களில் இரத்தம் கொடுத்துவந்தார். இக்கட்டுரையை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் இந்நாள் வரை முடிவு வரவில்லை.

ஆச்சி இப்பொழுது இரண்டு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறார்கள். சென்ற வாரம் எழுதுவித்த கடிதத்தில், ஒன்று அடைக்கு உட்கார்ந்திருப்பதாகவும், அதனை எழுப்பவில்லை என்றும் கண்டிருந்தது.